கப்பல் ஏறும் முன்

என் பேத்தி வருகிற வெள்ளிக்கிழமை பிரான்சுக்குப் புறப்படுகிறாள். லியோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர், ஜனவரியிலிருந்து மே மாதம் வரை. அவள் படிக்கும் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஏதோ ஒப்பந்தமாம். எங்கள் காலத்தில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் நான்கு வருடம், ஐந்து வருடம். மீசை முளைக்காமல் போனவன் தொப்பையோடு திரும்பி வருவான். இப்போது ஐந்தே மாதத்தில் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். காலம் சுருங்கினாலும், கிளம்பும் முன் வரும் கலக்கம் மட்டும் சுருங்கியதாகத் தெரியவில்லை.

ஒரு மாதமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாய் திறந்து கிடக்கின்றன. மருமகள் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கொட்டை நீக்கிய புளி என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைக்கிறாள். பேத்தி எடுத்து வெளியே வைக்கிறாள். விடிந்து பார்த்தால் அவை மறுபடியும் உள்ளே இருக்கின்றன. பகலெல்லாம் பேத்தி தோழிகளோடு போனில் சிரித்துக்கொண்டிருப்பாள். இரவு பதினொரு மணிக்கு மேல் என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். போன வாரம் அப்படித்தான் வந்தாள்.

“தாத்தா, வயித்த என்னமோ பண்ணுது. போகணும்னு ஆசையாவும் இருக்கு, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டா நல்லாருக்கும்னும் இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?”

“இருக்கும்மா.”

“உங்களுக்கும் பூர்ஸ் கெடச்சுதாமே, அப்பா சொன்னாரு. நீங்க ஏன் தாத்தா போகல?”

பூர்ஸ் என்றால் உதவித்தொகை. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அறுபது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். அன்றும் அதையே சொன்னேன். “எங்கம்மா விடலம்மா.”

அவள் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, கடல் கடந்து போனவர்களைப் பற்றி நான் சேர்த்து வைத்திருக்கும் புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர்கள் கதை.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த சலங்கு என்ற படகில்தான் ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். கரையில் நிற்கும் சொந்தக்காரர்களின் கண்முன்னே படகு அலைமேல் ஏறி இறங்கும். பயணத்தின் முதல் பயமே அந்த நூறு கஜத்தில்தான். பிறகு 1866-இல் இரும்புப் பாலம் வந்தது. 1952 புயலில் அது போயிற்று. அப்போது எனக்கு நான்கு வயது. பாலம் நினைவில்லை, அதை இழந்த பெரியவர்களின் புலம்பல்தான் நினைவிருக்கிறது.

அப்படிச் சலங்கில் ஏறிப் பிரான்சு வரை போன நம் ஊர்க்காரர்களில் முக்கியமானவர் குருவப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த அவருடைய தகப்பனார் நைனியப்ப பிள்ளையை 1716-இல் கைது செய்து, கசையடி கொடுத்துச் சிறையில் போட்டார்கள். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். மகன் நீதி கேட்டுப் பாரீசுக்குப் போனார். அங்கே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர்லேயான் பிரபுவே ஞானத்தகப்பன். செவாலியே பட்டமும் பெற்று 1722-இல் திரும்பி வந்து, தகப்பனாரின் பதவியிலேயே அமர்ந்தார். 1724-இல் காலமானார். அவர் படிக்கப் போனவர் அல்லர்; ஆனாலும் அவரை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. போனது ஓர் ஆள், வந்தது வேறொரு பெயரும் வேறொரு மதமும் உள்ள ஓர் ஆள். கடல் கடக்கிறவனைப் பற்றி நம் வீடுகளில் இருநூறு வருடம் நிலைத்திருந்த அச்சம் இதுதான். பிள்ளை செத்துப்போவான் என்பதைவிட, திரும்பி வருகிறவன் நம் பிள்ளையாக இருப்பானா என்பதுதான் பெரிய அச்சம்.

காந்தியின் தாயார் புத்லிபாய்க்கும் அதுவேதான். சட்டம் படிக்க லண்டன் போகலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொன்னபோது காந்திக்கு வயது பதினெட்டு. வீட்டில் மனைவி, சில மாதக் கைக்குழந்தை. தாயார் ஊரெல்லாம் விசாரித்தார். சீமைக்குப் போகிற பையன்கள் கெட்டுப்போகிறார்கள், மாமிசம் தின்கிறார்கள், குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். கடைசியில் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்தார். தாயார் உத்தரவு கொடுத்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தாயார் கேட்டது ஓர் உறுதிமொழி, அது கிடைத்ததும் வழிவிட்டுவிட்டார்.

தடுத்தவர்கள் சாதிக்காரர்கள். பம்பாயில் கூட்டம் கூட்டி, கடல் கடப்பது மதத்துக்கு விரோதம் என்றார்கள். பையன் மறுத்ததும் சாதியை விட்டு விலக்கினார்கள். அவருக்கு உதவுகிறவனுக்கும், வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைக் கேட்டு, பணத்தை வைத்திருந்த மைத்துனரே தர மறுத்துவிட்டார். கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார். 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி கப்பல் புறப்பட்டது.

இவ்வளவு பேரை எதிர்த்து நின்ற பையன், புறப்படும் முன் ராஜ்கோட் பள்ளியில் நடந்த பிரிவுபசாரத்தில் நாலு வார்த்தை நன்றி சொல்ல எழுந்தபோது தலை சுற்றி, உடம்பெல்லாம் நடுங்கி, எழுதி வைத்திருந்ததையே படிக்க முடியாமல் திணறினார். கப்பலில் சாப்பாட்டு மேசைக்கே போகவில்லை. கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கத் தைரியமும் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டு பெரும்பாலான நாட்களைக் கழித்தார். கரையிறங்கும்போது போடுவதற்கென்று வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால், வெள்ளை உடுப்பில் நிற்பவர் அவர் ஒருவர்தான். பெட்டிச் சாவியெல்லாம் ஏஜெண்டிடம் போய்விட்டது, அன்று சனிக்கிழமை. மாற்றிக்கொள்ள வழியில்லை. கூச்சத்தால் குன்றிப்போனதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாதித் தலைவரிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் இருந்தது. சமையல்காரரிடம் இதில் கறி இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் இல்லை. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஏன் என்று பின்னால் புரியும்.

இனி ராமானுஜன். இவர் கதையை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அவரும் கிளார்க், நானும் கிளார்க். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912 மார்ச்சில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் படி, சம்பளம் முப்பது ரூபாய். அரசாங்கக் கோப்புகளோடு நாற்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கு “மூன்றாம் வகுப்பு, நான்காம் படி” என்ற சொற்களைப் பார்த்தாலே மேசை, நாற்காலி, மைக்கூடு எல்லாம் கண்ணில் தெரிந்துவிடும்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடமே ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்கப் பார்த்தார். சென்னையிலிருந்து வர இயலாது என்றுதான் பதில் போயிற்று. ஆசாரமான குடும்பம், தாயார் கோமளத்தம்மாளுக்குச் சம்மதம் இல்லை என்பதுதான் அன்றும் இன்றும் சொல்லப்படும் காரணம்.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கணித அறிஞர் சொற்பொழிவு செய்யச் சென்னை வந்தார். எப்படியாவது ராமானுஜனைச் சம்மதிக்க வைத்து அழைத்து வாருங்கள் என்பது ஹார்டி அவரிடம் கொடுத்தனுப்பிய வேலை. தயங்கித் தயங்கிக் கேட்ட நெவிலுக்கு ஆச்சரியம்; ராமானுஜன் ஏற்கெனவே மனம் மாறியிருந்தார். தாயார் ஒரு கனவு கண்டாராம். வெள்ளைக்காரர்கள் சூழ மகன் உட்கார்ந்திருக்கிறார்; நாமக்கல் நாமகிரித் தாயார் தோன்றி, மகனின் வழியில் இனி நிற்காதே என்று உத்தரவிடுகிறார். கோயிலில் தங்கி ராமானுஜனே அந்த உத்தரவைப் பெற்றார் என்று இன்னொரு விதமாகச் சொல்வாரும் உண்டு. எது எப்படியோ, தாயார் வழிவிட்டார்.

நான் சொல்ல வந்தது கனவை அல்ல, அதற்கடுத்து நடந்ததை. நெவிலிடம் ராமானுஜன் தன் சந்தேகங்களைக் கேட்டார். கணிதச் சந்தேகம் ஒன்றுகூட இல்லை. பணத்துக்கு என்ன செய்வது? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காதே? போதும். நான் மரக்கறிக்காரன் ஆயிற்றே? அதை மதிப்பார்கள். பரீட்சை எழுத வேண்டியிருக்குமா? வேண்டாம்.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகாமல், கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனவர் அவர். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பூஜ்ஜியத்தையும் முடிவிலியையும் கையில் வைத்து விளையாடிய மனிதருக்கு, அங்கேயும் ஒரு பரீட்சைத் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். கேட்டுவிட்டார். பதில் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் உதவித்தொகையும், பயணத்துக்கும் உடுப்புக்கும் 100 பவுனும் ஒதுக்கியது. அதில் மாதம் அறுபது ரூபாய் தன் குடும்பத்துக்குப் போகும்படி அவர் ஏற்பாடு செய்துகொண்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கப்பலில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று கப்பல் ஏஜெண்டுகளுக்குத் தானே கடிதம் எழுதினார். ஒரு துறைத் தலைவர் தன் அலுவலகத்துக் கடைநிலைக் கிளார்க்கின் ரசத்துக்கும் சாதத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறார் என்றால், அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தாயாரையும் மனைவி ஜானகியையும் எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். காரணம், குடுமி. கிராப்பு வெட்டிக்கொண்டு, சட்டைக் காலரும் டையும் பூட்சும் மாட்டிக்கொண்டு நிற்கும் தன்னை அவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். அவர்கள் போன பிறகுதான் குடுமி போயிற்று. பிறகு கடை கடையாக ஏறி உடுப்பு வாங்கினார்கள். கத்தி முள் பிடித்துச் சாப்பிடப் பழகினார், மனமில்லாமல். இந்த இடம் வந்ததும் எப்போதும் புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிடுவேன். ஊரே வழியனுப்ப வந்தாலும், தான் மாறிப்போன கோலத்தைத் தாயின் கண்ணுக்கு மறைத்த பிள்ளை அவர்.

அந்த அச்சம் வெறும் மனப்பிரமையும் அல்ல. ஆறு வருடம் கழித்து, 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் அவர் இறந்தபோது, கடல் கடந்தவர், பரிகாரம் செய்துகொள்ளாதவர் என்று ஆசாரமான உறவினர் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை.

1914 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்ற கப்பல் புறப்பட்டது. அலுவலக மேலாளரும் கணிதத்தில் கூட்டாளியுமான நாராயண ஐயர், தன் சிலேட்டைக் கொடுத்து ராமானுஜனின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டார் என்று அவர் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் அறிமுகமானவர்களில் முத்து என்று ஒரு டாக்டர், காசநோய் நிபுணர். சில வருடம் கழித்து இங்கிலாந்தில் உடல் கெட்டபோது அதே டாக்டரின் மருத்துவமனையில்தான் ராமானுஜன் நோயாளியாகப் படுத்திருந்தார். இதையெல்லாம் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். கொழும்பு வரைக்கும் குமட்டல். பிறகு சரியாகிவிட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி, நம் சித்திரை பிறந்த சமயத்தில், லண்டனில் இறங்கினார். நெவில் காரோடு காத்திருந்தார்.

இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி ஒரு சின்ன விஷயம் எல்லோர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்ற மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். இரவில் குளிர் தாங்குகிறதா என்று ராமானுஜனைக் கேட்டார். தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தால் கட்டிலில் வேண்டிய கம்பளிகள் இருந்தன. அவற்றை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். அந்த விரிப்பை விலக்கி, கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருந்தார். மஹலனோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

இனி என் கதை.

1966-இல் பக்கலொரேயா தேறினேன். புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார், அம்மா எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே நான் இந்தியன், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த இந்தியன். ஜூலையில் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் படிக்கப் பூர்ஸ் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. பம்பாயில் கப்பல் ஏறி மர்செய்யில் இறங்க வேண்டும். வழிச்செலவு நம்முடையது.

அந்த ஜூன் 6-ஆம் தேதிதான் ரூபாய் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். நாலே முக்கால் ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஆயிற்று. வெளிநாடு போகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் பி ஃபாரம் வேறு வேண்டும். இருந்தாலும் அம்மா அசரவில்லை. கையில் கிடந்த இரண்டு வளையலையும் எடுத்து வைத்துவிட்டாள். சைகோனில் இருந்து ஓய்வு பெற்று வந்த அடுத்த தெரு சொல்தா ஒருவர் வீட்டுக்குப் போய், அவருடைய பழைய கப்போத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். கப்போத் என்றால் பட்டாளத்துக்காரர்களின் கனத்த கம்பளி ஓவர்கோட்டு. ஜூலைப் புழுக்கத்தில் அதை என் மேல் மாட்டி, பித்தான் போட்டு, தூர நின்று பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வேர்வை முதுகில் ஓடியது. நாப்தலீன் உருண்டை வாசனை மூச்சை அடைத்தது. “துரை மாதிரி இருக்கடா,” என்றாள்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. என் பிரெஞ்சு, புத்தகப் பிரெஞ்சு. டிக்டேயில் ஒரு பிழை வராது, ஆனால் கடையில் ரொட்டி கேட்டுப் பழக்கமில்லை. மேசையில் எப்படிச் சாப்பிடுவது, எங்கே எப்படிக் குளிப்பது, கக்கூசில் தண்ணீர் இருக்குமா, விடுதியில் கதவைத் தட்டுவதா காத்திருப்பதா. இவ்வளவுதான் என் கேள்விகள். ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம் வராது. கேட்டிருந்தால் என் ஆசிரியர்களில் யாரும் பதில் சொல்லியிருப்பார்கள், அந்தச் சொல்தாவே சொல்லியிருப்பார். ஆனால் பிரெஞ்சில் முதல் மாணவன் இதையெல்லாம் எப்படிக் கேட்பான்? கேட்கவில்லை. ராத்திரி ராத்திரியாக வயிற்றைப் பிசைந்துகொண்டு கிடந்தேன். மூன்று வாரம் கழித்து, குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலாது என்று நல்ல பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அதில் ஒரு பிழை கிடையாது.

அம்மாவிடம், டாலர் விலை ஏறிவிட்டது, பணம் கட்டுபடியாகாது என்றேன். தெருவில் கேட்டவர்களிடம், அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல என்றேன். அது இரண்டே வாரத்தில் “அவங்கம்மா விடல” என்று ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. ஒரு நாள் அத்தை ஒருத்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “படிக்கிற புள்ளைய இப்படி முந்தானையில முடிஞ்சு வெச்சிக்கிட்டியே, நல்லா இருக்கா இது?” என்று அம்மாவைக் கேட்டாள். நான் உள்ளே இருந்தேன். அம்மா நிலைப்படி வழியாக என்னைப் பார்த்தாள். “என்ன பண்றது, ஒத்தப் புள்ள,” என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வளையலை எடுத்துக் கொடுத்தவள் அவள். 1991-இல் இறக்கும் வரை அந்தப் பேரைச் சுமந்தாள். ஒரு முறைகூட என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் 1968-இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, பதவி உயர்வு வாங்கி, 2008-இல் ஓய்வு பெற்றேன். குறை ஒன்றும் இல்லாத வாழ்க்கைதான். ஆனால் புத்லிபாயைப் பற்றியும் கோமளத்தம்மாளைப் பற்றியும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். 1913-இல் வர முடியாது என்று போன பதிலில் தாயாரின் மறுப்பு எத்தனை பங்கு, பரீட்சைக்குப் பயந்த பிள்ளையின் தயக்கம் எத்தனை பங்கு? ஆதாரம் இல்லாமல் பெரிய மனிதர் ஒருவர் மேல் இப்படிச் சந்தேகப்படுவது சரியில்லைதான். என் அனுபவம் அப்படிச் சந்தேகப்பட வைக்கிறது.

மறுநாள் இரவு பேத்தி வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். என் மகனுக்கே தெரியாத விஷயம். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கப்போத் என்ன ஆச்சு தாத்தா?” என்றாள்.

“திருப்பிக் குடுத்துட்டோம். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ஏம்பா போகலன்னு கேட்டாரு. அவருகிட்டயும் அதே பொய்தான்.”

அவள் எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். அதில் இருபத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்களோ என்று இத்தனை நாள் கேட்கவில்லையாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, பேராசிரியரை எப்படிக் கூப்பிடுவது, பஸ்ஸில் டிக்கெட்டை எங்கே வாங்குவது, ராத்திரி தனியாக அழுகை வந்தால் பக்கத்து அறைக்குக் கேட்குமா. எனக்குத் தெரிந்தது நான்கைந்துதான். பேராசிரியரை ‘மெசியே’ என்றால் போதும், ‘வூ’ போட்டுப் பேச வேண்டும், ‘து’ போடக் கூடாது என்றேன். மற்றவற்றுக்கு, லியோனில் இருபது வருடமாக இருக்கும் என் பள்ளித் தோழனின் மகளை மறுநாள் காலையில் போனில் பிடித்தோம். அந்தப் பெண் ஒரு மணி நேரம் பேசினாள். இருபத்திரண்டும் தீர்ந்தது. ராத்திரி அழுகை வந்தால் தனக்குப் போன் செய்யச் சொன்னாளாம்.

கம்பளிக்குள் படுக்கும் விஷயத்தை மட்டும் நானே செய்து காட்டினேன். என் கட்டிலில் போர்வையை மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்புப் போட்டு, தலைப்பக்கம் விலக்கி உள்ளே நுழைந்தேன். எழுபத்தாறு வயதில் அது லேசான காரியம் இல்லை. ஒரு கால் மாட்டிக்கொண்டது. பேத்தி சிரித்த சிரிப்பில் மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

நேற்று பெட்டியை நிறுத்துப் பார்த்தோம். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கிலோ அதிகம். நான் அவளுக்குத் தெரியாமல் துணிகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த என் பழைய லாரூஸ் அகராதியைக் கண்டுபிடித்து எடுத்து வெளியே வைத்தாள். “போன்லயே எல்லாம் இருக்கு தாத்தா.” புளிப் பொட்டலத்தை எடுக்கவில்லை. ராமானுஜனும் கேம்பிரிட்ஜிலிருந்து புளி கேட்டு எழுதியிருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தேன்.